பெயரை விட்டுக் காணியைப் பிடியுங்கள்: யாழ்ப்பாணக் கிராமத்துப் பூட்டனைத் தேட ஒரு முழு வழிகாட்டி

நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊருக்கு வருகிறவர்களில் ஒரு சிலராவது ஒவ்வொரு வருடமும் பூட்டனை, அதாவது பாட்டன் பாட்டியின் தகப்பனைத் தேடும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். கையில் இரண்டு கிழமை விடுமுறை, ஒரு பெயர், ஓர் ஊர். "பூட்டனார் கந்தையா, சண்டிலிப்பாய்" என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு நேரே கந்தோருக்கு (அரச அலுவலகத்துக்கு) போகிறார்கள். அங்கே கந்தையாக்கள் எத்தனை பேர் என்று தெரிந்ததும் சோர்ந்து போகிறார்கள்.

கந்தோர் முதற்படி அல்ல, நடுவில் வரும் படி. வீட்டில் தொடங்கி, முதியவர்களிடம் போய், கல்வெட்டு என்ற நினைவு மலரும் சான்றிதழும் பார்த்து, உறுதிகளை (காணிப் பத்திரங்களை) வாசித்து, அதற்குப் பிறகுதான் பதிவகத்து வாசலை மிதிக்க வேண்டும். என் தாய்வழிப் பூட்டனைத் தேட எனக்கு மூன்று வருடம் சென்றது. அதில் எட்டு மாதம் அதே பெயருள்ள வேறொருவரின் பின்னால் போயிருக்கிறேன். அந்த எட்டு மாதம் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த கொப்பி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பில் ஆளின் பெயர், கீழே "சொன்னவர் யார், எந்த நாள், எந்தக் கடுதாசியில் பார்த்தது" என்று ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு. ஆறு மாதம் கழித்து இரண்டு தகவல் ஒன்றோடொன்று முட்டும். அப்போது எது யாரிடமிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் இரண்டையும் கைவிட வேண்டி வரும்.

உங்களுடைய, உங்கள் பெற்றோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், பெற்றோரின் விவாகச் சான்றிதழ், கிடைத்தால் பாட்டன் பாட்டியின் இறப்புச் சான்றிதழ். போட்டோக்கொப்பி இரண்டு செற் எடுத்து வையுங்கள். மூலத்தை வீட்டில் விட்டுவிடுங்கள்.

வீட்டில் உள்ள றங்குப்பெட்டியைத் திறந்து பாருங்கள். உறுதிகள், சாதகக் குறிப்புகள், பழைய பொஸ்கார்ட்டுகள், செத்தவீட்டுப் படங்கள் எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கும். இருந்த ஒழுங்கைக் குலைக்க முன் அப்படியே ஒரு படம் எடுங்கள். எது எதோடு கட்டியிருந்தது என்பதும் ஒரு தகவல். ஒரே நூலால் கட்டிய மூன்று உறுதிகள் பெரும்பாலும் ஒரே காணியுடையவை.

பழைய கடுதாசியை லாமினேற் செய்யாதீர்கள். செலோரேப் ஒட்டாதீர்கள். ஏட்டுச் சுவடியை மடக்கவோ, யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் பூசவோ வேண்டாம். நிழல் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்து, மூலத்தை வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள்.

2. பெயரைப் பிரித்துப் பாருங்கள்

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. அடுத்த தலைமுறையில் முன்பெயர் மாறிவிடும். ஆகவே "இந்தக் குடும்பப் பெயருள்ள எல்லாரையும் தேடு" என்ற வெளிநாட்டு முறை இங்கே ஒரு படி கூட நகராது.

அதற்கு மேல், பாட்டனின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கம். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வேலுப்பிள்ளை, கந்தையா, வேலுப்பிள்ளை, கந்தையா என்று வரும். நாலு சகோதரரும் தங்கள் தகப்பன் பெயரைத் தங்கள் மூத்த மகனுக்கு வைத்திருந்தால் ஒரே குறிச்சியில் ஒரே வயதில் நாலு வேலுப்பிள்ளை.

ஒரே ஆளுக்குப் பல வடிவமும் உண்டு. உறுதியில் "வேலர் கந்தர்", பள்ளிக்கூடத்தில் "வே. கந்தையா", வீட்டில் "சின்னையா", ஊரில் ஒரு பட்டப்பெயர். கந்தர், கந்தையா, கந்தப்பு, கந்தசாமி எல்லாம் ஒருவராகவும் இருக்கலாம், நால்வராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதிய பதிவுகளில் இன்னும் மோசம்: கந்தையாவின் நடு எழுத்துக்கு ஒருவர் "டி" (d) போடுவார், இன்னொருவர் "டிஎச்" (th) போடுவார். வேலுப்பிள்ளையின் முதல் உயிருக்கு "ஏ"யும் வரும், "ஈ"யும் வரும். கொப்பியில் ஒவ்வொரு ஆளின் பக்கத்திலும் கண்ட வடிவங்களை எல்லாம் வரிசையாக எழுதி வையுங்கள்.

பேச்சிலும் ஒரு குழி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பழையவர்கள் "பேரன்" என்றால் பாட்டனைச் சொல்வார்கள். பேரப்பிள்ளையைச் சொல்கிறார்கள் என்று எடுத்துவிட்டால் இரண்டு தலைமுறை தலைகீழாகும். "உங்களுக்குப் பேரனோ, பேரப்பிள்ளையோ?" என்று அந்த இடத்திலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

3. முதியவர்களிடம் எதைக் கேட்பது

"ஆச்சி, உங்கட பூட்டன் ஆர்?" என்று கேட்டால் "ஆருக்கு மோனை ஞாபகம்" என்ற பதில்தான் வரும். பெயரைக் கேட்காதீர்கள். சடங்கைக் கேளுங்கள். சடங்கில் யார் எங்கே நின்றார் என்பதை உறவுதான் தீர்மானித்தது, அது மறக்காது.

"ஆருடைய செத்தவீட்டுக்கு எல்லாம் நீங்கள் 31 நாள் துடக்குக் காத்தனீங்கள்?" துடக்கு என்றால் சாவுத் தீட்டு. இந்த ஒரு கேள்வி தகப்பன் வழிச் சொந்தக்காரரை ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தும். "ஆர் கொள்ளி வைச்சது?" பெரும்பாலும் தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்குக் கடைசி மகன். வேறு யாராவது வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள், மலாயாவுக்குப் போன மகனின் கதை அங்கேதான் வெளிவரும். "ஆர் பந்தம் பிடிச்சது?" பேரப்பிள்ளைகள். "உங்கட சாமத்தியவீட்டுக்கு மாமன் எண்டு ஆர் வந்தவர்?" சாமத்தியவீடு பூப்புச் சடங்கு, அதற்கு வருபவர் தாயின் சகோதரர்.

என் பெரியம்மாவிடம் ஒரு செத்தவீட்டுப் படத்தைக் கொடுத்தேன். பிரேதத்தைச் சுற்றி இருபது பேருக்கு மேல் நிற்கிற, ஓரம் கறுத்த படம். அவருக்கு அப்போது 88 வயது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலை இடமிருந்து வலமாக நகர்த்தினார். "இது கொம்மம்மா. இது அவவின்ர தமக்கை. இவர் அத்தான்காரன், கொழும்பிலையிருந்து றெயில்ல வந்தவர், அதுதான் சப்பாத்தோட நிக்கிறார்." அரை மணித்தியாலத்தில் பதினேழு பேர். பெயரைக் கேட்டிருந்தால் மூன்று பேர் வந்திருப்பார்கள்.

ஒருவரிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்காதீர்கள். முதல் நாள் கேட்டது இரவில் ஊறும், இரண்டாம் நாள்தான் நல்லது வரும். அனுமதி கேட்டுவிட்டுப் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். இரண்டு முதியவர்களைப் பக்கத்தில் இருத்திக் கேட்பது இன்னும் நல்லது, ஒருவர் பிழையாகச் சொன்னால் மற்றவர் விடமாட்டார்.

4. கல்வெட்டும் மரண அறிவித்தலும்

31ஆம் நாள் கிருத்தியத்தன்று கொடுக்கிற நினைவு மலரைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். தேவாரமும் திருவாசகமும் போட்ட சிறு புத்தகம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் முன்பக்கங்களில் பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் இருக்கும். சிலவற்றில் வம்சாவழி மரமே அச்சிட்டிருக்கும். உங்கள் நேர்ப் பூட்டனுடையது கிடைக்காவிட்டாலும் அவருடைய சகோதரியின் மகனுடையது கிடைக்கலாம். பெற்றோர் அதே பெற்றோர்தானே.

எங்கே தேடுவது? சொந்தக்காரரின் சாமியறையில், புத்தகத் தட்டின் கடைசி வரிசையில், ஊர் வாசிகசாலையில். இணையத்தில் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஊர்ப் பெயரைப் போட்டும் தேடிப் பாருங்கள்.

பத்திரிகை மரண அறிவித்தலுக்கு ஒரு வாய்பாடு உண்டு. "பிறப்பிடமாகவும்" என்பது பிறந்த ஊர், "வதிவிடமாகவும்" என்பது கடைசியாக இருந்த ஊர். பெண்ணாக இருந்தாலும் இதே ஒழுங்குதான், ஆகவே கலியாணத்துக்கு முந்திய ஊர் இங்கே அகப்படும். "காலஞ்சென்ற" என்ற சொல் எந்தப் பெயரின் முன்னால் நிற்கிறது என்று கவனியுங்கள். "காலஞ்சென்றவர்களான" என்று வந்தால் அதன் பின் வரும் கூட்டம் முழுவதும் அப்போது உயிரோடு இல்லை. அதை வைத்து, இறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களின் இறப்பு எந்த ஆண்டுக்கு முந்தியது என்று வரம்பு போடலாம்.

ஒரு எச்சரிக்கை. கல்வெட்டு துக்கத்தில், அவசரத்தில் எழுதுவது. சிறு வயதில் செத்துப்போன பிள்ளைகள், முதற் தாரம், குடும்பத்தோடு கோபித்துப் போனவர்கள் இதில் வருவதில்லை. வந்தது சரி என்று எடுங்கள். வராதது இல்லை என்று எடுக்காதீர்கள்.

5. திதி வெண்பாவை ஆண்டாக மாற்றுவது

கல்வெட்டில் ஒரு வெண்பா இருக்கும். அதில் தமிழ் வருடப் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறையா) அபரபக்கமா (தேய்பிறையா), திதி என்ன என்பது அடங்கியிருக்கும். சாதகக் குறிப்பிலும் இதே மாதிரித்தான்.

தமிழ் வருடங்கள் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். சுபானு என்றால் 1883, 1943, 2003 மூன்றும் ஆகலாம். சார்வரி என்றால் 1900, 1960 அல்லது 2020. எது என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துத் தீர்மானியுங்கள். 1890களில் பிள்ளை பெற்றவர் 1883இல் செத்திருக்க முடியாது.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதற்குப் பிறகு இருக்கிறது. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குகிறது. சுபானு ஆவணி என்றால் 1943. சுபானு மாசி என்றால் 1944. தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஒரு வருடம் கூட்ட வேண்டும். பிழையான வருடத்தைக் கந்தோரில் கொடுத்துவிட்டு "பதிவு இல்லை" என்று திரும்பி வந்தவர்கள் பலர்.

வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் ஒரு நாள் வித்தியாசம் வரலாம். அதற்காக மண்டையை உடைக்க வேண்டாம், மாதம் சரியாக இருந்தால் போதும்.

6. பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள்

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டம் 1867இல் வந்தது. 1897இல்தான் கட்டாயமானது. அதற்கு முந்திய பிறப்பு ஒன்றைப் பதிவில் தேடினால் கிடைக்காமல் போவது இயல்பு. ஆகவே பின்னிருந்து முன்னே போங்கள்: முதலில் இறப்பு, பிறகு விவாகம், கடைசியில் பிறப்பு. 1860களில் பிறந்தவரின் இறப்பு 1920களில் நடந்திருந்தால் அது பதிவில் இருக்கும், அதில் வயதும் இருக்கும்.

பிரதி கேட்டு விண்ணப்பிப்பது பிரதேச செயலகத்தில். பதிவு எண் தெரியாவிட்டால் தேட வேண்டிய ஆண்டு எல்லையைக் கேட்பார்கள். 5ஆம் படியை முடித்துவிட்டுப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கே பதிந்திருக்கும் என்று யோசியுங்கள். தலைப்பிள்ளை பெரும்பாலும் தாய்வீட்டில் பிறந்தது, ஆகவே தாயின் ஊர்ப் பதிவாளர் பிரிவில் இருக்கும். இணுவில், மானிப்பாய் மிசன் ஆஸ்பத்திரிகளில் பிறந்த பிள்ளை அந்தப் பிரிவில் இருக்கும். ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்துக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்தால் பலர் பிள்ளை, தாய், தகப்பன் மூன்றையும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். கீழே வாருங்கள். குடியுரிமைச் சட்டத்துக்குப் பிந்திய படிவங்களில் பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கிறது. பூட்டனுக்கும் ஒரு கூடு உண்டு. 1950களில் பிறந்த உங்கள் மாமா ஒருவரின் சான்றிதழ் உங்களை 19ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய் விடலாம். கூடப்பிறந்தவர்கள் எல்லாருடையதையும் பாருங்கள், ஒருவருடையதில் வெறுமையாக இருப்பது இன்னொருவருடையதில் நிரப்பியிருக்கும்.

"பெற்றோர் விவாகம் செய்தவர்களா?" என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தால் பதற வேண்டாம். தாலி கட்டி, ஊரறியக் கலியாணம் நடந்திருக்கும், கலியாண எழுத்து, அதாவது விவாகப் பதிவு, நடந்திராது. அந்தக் காலத்தில் அது சாதாரணம். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு அழுத ஒரு அக்காவை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். "உத்தேச வயதுச் சான்றிதழ்" என்று ஒன்று கிடைத்தால், மூலப் பதிவு அகப்படாதபோது வழங்குவது அது. அதிலுள்ள பிறந்த திகதியை மதிப்பீடாக மட்டும் எடுங்கள்.

7. உறுதி வாசிப்பது

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. ஆட்களின் பெயர் மாறும், காணியின் பெயர் மாறாது. நாவலடி, கலட்டி, ஒல்லை, புலம், வளவு என்று முடிகிற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அது பூட்டன் காலத்திலும் அதே பெயர்தான்.

உறுதியைக் கேட்கும் முறையை முதலில் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர் "உறுதியைக் காட்டுங்கோ" என்றால் காணிக்குப் பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று வீட்டுக்காரர் நினைப்பார்கள், நினைப்பதில் பிழையும் இல்லை. முதலில் உங்கள் வீட்டு உறுதியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வம்சாவழி எழுதுகிறேன் என்று கொப்பியைத் திறந்து காட்டுங்கள். பழைய உறுதி மட்டும் போதும், இப்போதைய உறுதி வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்றைக்கே தராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள், அடுத்த முறை தருவார்கள்.

உறுதியின் வகையைப் பாருங்கள். சீதன உறுதியானால் தாய் தகப்பனிடமிருந்து மகளுக்கு. நன்கொடை உறுதியானால் பெரும்பாலும் நெருங்கிய சொந்தத்துக்குள். அறுதி உறுதி விற்பனை, ஆனால் வாங்கியவரும் பங்காளியாக இருப்பது சாதாரணம், ஏனென்றால் தேசவழமையில் (யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டத்தில்) பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு.

பிறகு உரித்து விபரம். "இந்தக் காணி எனக்கு இத்தனையாம் ஆண்டு இன்ன நொத்தாரிசு முகதாவில் முடிந்த இத்தனையாம் இலக்கச் சீதன உறுதிப்படியும் ஆட்சிப்படியும் உரித்தானது" என்ற மாதிரி ஒரு வசனம் இருக்கும். அந்த இலக்கம், ஆண்டு, நொத்தாரிசு (உறுதி எழுதி முடிப்பவர்) பெயர் மூன்றும்தான் அடுத்த கதவின் திறப்பு. அந்த உறுதிக்குள் அதற்கு முந்தியதன் இலக்கம் இருக்கும். இப்படியே பின்னால் போகலாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போனார். வீடு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போனது. ஆகவே நீங்கள் பிறந்து வளர்ந்த வளவின் உறுதிகளைப் பின்தொடர்ந்தால் அம்மா, அம்மம்மா, அம்மம்மாவின் தாய் என்று பெண்வழிதான் வரும். "அப்பாவின் வம்சம் இந்த வீட்டில்தான்" என்று எண்ணி இதற்குள் தேடினால் ஒருநாளும் கிடைக்காது. தகப்பன் வழி வேண்டுமானால் முதுசக் காணிக்கு, முன்னோர் வழி வந்த காணிக்குப் போங்கள்: தோட்டம், வயல், பனங்காணி. பழைய தேசவழமைப்படி முதுசம் ஆண்களுக்கும் சீதனம் பெண்களுக்கும் இறங்கியது. 1911இல் வந்த யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இந்த ஒழுங்கை மாற்றியது, அதனால் அதற்குப் பிந்திய உறுதிகளில் இந்த விதியை அப்படியே பொருத்த வேண்டாம். வீட்டை மகளுக்குக் கொடுக்கும் வழக்கம் மட்டும் இன்றைக்கும் இருக்கிறது.

பங்கின் பின்னத்தை விட்டுவிடாதீர்கள். "பிரிபடாத 1/24 பங்கு" என்று எழுதியிருந்தால் அது ஒரு குடும்பக் கணக்கு. நாலு சகோதரர், அவர்களில் ஒருவருக்கு ஆறு பிள்ளைகள் என்றால் 1/24 வரும். மூன்று சகோதரரும் எட்டுப் பிள்ளைகளும் என்றாலும் வரும். ஆகவே இதை ஊகமாக எழுதி, முதியவர்கள் சொன்ன எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் அது நல்ல சாட்சி. பெரியம்மா "அவை நாலு பேர்" என்று சொன்னார், உறுதி ஐந்து பேர் என்றது. சிறு வயதில் மலாயாவுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்ட ஒருவரை இப்படித்தான் கண்டுபிடித்தோம். அவருடைய பங்கை அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் கையாள எழுத்தில் அதிகாரம்) பெற்ற தம்பி விற்றிருந்தார்.

நாலு எல்லைகளையும் எழுதுங்கள். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று பக்கத்துக் காணிக்காரர் பெயர் இருக்கும். பெரிய காணி ஒன்றைச் சகோதரர் பிரித்துக்கொண்டதால் எல்லைக்காரர் அனேகமாகச் சொந்தக்காரர்தான்.

நான் தொடக்கத்தில் சொன்ன எட்டு மாதப் பிழை எல்லையில்தான் பிடிபட்டது. எங்கள் பூட்டனும் வேலுப்பிள்ளை மகன் கந்தையா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மகளுக்கு எழுதிய சீதன உறுதியில் மேற்கு எல்லை "வேலுப்பிள்ளை கந்தையாவும் பங்காளரும்" என்று இருந்தது. பல முறை வாசித்த வரி அது. அந்த மேற்குக் காணி அவருடையதாக இருந்திருந்தால் "எனக்குச் சொந்தமான காணி" என்றல்லவா எழுதியிருப்பார்? அப்படியானால் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வேலுப்பிள்ளை கந்தையா. அதுவரை நான் சேர்த்த பள்ளிக்கூடப் பதிவும் இறப்புச் சான்றிதழும் அவருடையவை. இரண்டு உறுதிகளையும் பக்கத்தில் வைத்துக் கையெழுத்தைப் பார்த்தேன். ஒருவர் தமிழில் சுழித்துக் கையெழுத்து வைத்திருந்தார், மற்றவர், எங்கள் பூட்டன், புள்ளடி (கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி) போட்டிருந்தார். பூட்டன் எழுத்தறியாதவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பழைய எழுத்தில் வரும் குறிகள்: ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. அளவில் 18 குழி ஒரு பரப்பு, வரகு விளையும் நிலக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல்லுக் காணிக்குக் கணக்கு வேறு, 24 பரப்பு ஓர் ஏக்கர். இதைக் கலந்துவிட்டால் ஒரே காணியை இரண்டு காணி என்று நினைப்பீர்கள்.

8. காணிப் பதிவகம்

இடப்பெயர்வில் உறுதி தொலைந்த வீடுகள் எத்தனையோ. 1995இல் வலிகாமத்தை விட்டுப் போனவர்கள் கையில் எடுத்ததைத்தான் கொண்டுபோனார்கள். அதற்காக வழி மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். நொத்தாரிசு ஒரு உறுதி முடித்தால் மூலம் வீட்டுக்காரருக்கு, ஒரு படி தன்னிடம், இன்னொரு படி காணிப் பதிவகத்துக்கு. அந்தப் படியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசு பெயர் மூன்றும் வேண்டும்.

இலக்கம் தெரியாவிட்டால் காணிப் பெயரையும் ஊரையும் வைத்துத் தோம்பு (காணிப் பதிவேடு) பார்க்க வேண்டும். கையில் உள்ள ஏதாவது ஒரு பிந்திய உறுதியின் முத்திரையில் பிரிவு, தொகுதி, பக்கம் இருக்கும், அதிலிருந்து பின்னோக்கிப் போவது எளிது. பழக்கமுள்ள நொத்தாரிசு ஒருவரின் லிகிதரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் கொஞ்சம் போகும், நாட்கள் மிஞ்சும்.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத் தோம்பில் தொடங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: உறுதிச் சங்கிலி அறுந்து நிற்கும் இடம் வரை வந்துவிட்டு, பிறகு கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கள். அது பழைய ஒல்லாந்த மொழியில், பழைய கையெழுத்தில் இருக்கும். எந்தக் கோயிற்பற்று (அக்கால ஊர்ப் பிரிவு), எந்தக் காணி என்று தெரியாமல் அதைத் திறப்பதில் பயனில்லை.

9. கோயில், பள்ளிக்கூடம், மிசன்

கோயில் திருவிழா நோட்டீசுகளை வரிசையாகச் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாம் திருவிழா இன்ன குடும்பம் என்று இருக்கும். அந்த உபயம் தலைமுறையாக இறங்குவது, பல இடங்களில் மருமக்களுக்கும் போயிருக்கும். யாரிடமிருந்து யாருக்கு என்று கோயிலில் பழைய கணக்குப் புத்தகம் வைத்திருப்பவரைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பில் (மாணவர் சேர்ப்புப் பதிவேட்டில்) பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் அல்லது பாதுகாவலர் பெயர், விலாசம் இருக்கும். பாதுகாவலர் தகப்பனாக இல்லாவிட்டால் அவர் யார் என்று தேடுங்கள், பெரும்பாலும் தாய்மாமன். அதிபரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். பரீட்சைக் காலத்தில் போகாதீர்கள்.

முன்னோர் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1816இல் வந்த அமெரிக்க மிசன் தன் விடுதிப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரை வைத்தது. வட்டுக்கோட்டைச் செமினரியிலோ உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்திலோ படித்தவர் ஒருவர் பட்டியலில் முழு அமெரிக்கப் பெயரோடு இருப்பார். தமிழ்ப் பெயரை மட்டும் தேடினால் அவர் அகப்படமாட்டார். கத்தோலிக்கக் குடும்பமானால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் அரசப் பதிவை விடப் பழையவை, ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயரும் கிடைக்கும்.

10. நீதிமன்றக் கோவை

பலருக்குத் தோன்றாத இடம். காணியைப் பங்கு பிரித்துத் தரும்படி மாவட்ட நீதிமன்றத்தில் யாராவது வழக்குப் போட்டிருந்தால் வழக்காளி வம்சாவழி அட்டவணையைக் கொடுத்தே ஆக வேண்டும். மூலக் காணிக்காரர் முதல் இன்றைய பங்காளர் வரை எல்லாரும் அதில் இருப்பார்கள். மரணசாதன (உயில்) வழக்குக் கோவையில் வாரிசுகள் அனைவரும் இருப்பார்கள். "இந்தக் காணிக்கு வழக்கு நடந்ததோ?" என்று ஊரில் கேட்டால் உடனே சொல்வார்கள், வழக்கு யாருக்கும் மறக்காது. வழக்கு எண்ணை உறுதியிலோ சட்டத்தரணியிடமோ பெறலாம்.

ஒன்று மட்டும். எதிராளி கொடுத்த அட்டவணையையும் சேர்த்துப் பாருங்கள். வெல்வதற்காக ஒரு மகளை விட்டுவிட்டு எழுதிய அட்டவணைகளும் உண்டு.

11. ஆள் இவர்தான் என்று எப்போது எழுதுவது

பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் ஒத்துவந்தால் போதாது. நான் பிழைவிட்டது அந்த மூன்றையும் வைத்துத்தான். மனைவியின் பெயரோ காணியின் பெயரோ நாலாவதாக ஒத்துவர வேண்டும். அதுவரை பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். பிறகு பேனையால் எழுதலாம்.

வயதுக் கணக்கையும் சரிபாருங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் 12 வருடம் என்று வந்தால் வேறு ஆளின் தகவல் கலந்திருக்கிறது, அல்லது அவர் இரண்டாம் தாரம்.

பழைய கடுதாசிகளில் சாதிப் பெயர்கள் வரும். குடிமை, அடிமை என்ற சொற்களும் வரும். பார்த்ததை உங்கள் கொப்பியில் உள்ளபடி வையுங்கள், ஊருக்குப் பகிரும் மரத்தில் போடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, அடையாள அட்டை எண், காணி விபரம் ஆகியவையும் அப்படித்தான்.

12. எழுதி, திருப்பிக் கொடுப்பது

மரத்தை ஒரு பெரிய தாளில் வரையும்போது பெண்களைத் தாய்வீட்டு ஊரோடு எழுதுங்கள். "இன்னாரின் மனைவி" என்று மட்டும் எழுதினால் அடுத்து இதை எடுப்பவருக்கு அந்தக் கிளை அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களின் முதுசக் காணிப் பெயரையும் சீதனக் காணிப் பெயரையும் பக்கத்தில் போடுங்கள்.

கதை சொன்ன ஒவ்வொருவருக்கும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். பெரியம்மாவுக்குக் கொடுத்தபோது அவர் தன் பெயரைத் தேடவில்லை. ஐந்து வயதில் காய்ச்சலில் செத்த தங்கச்சியின் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினார். இல்லை. நான் கேட்டிருக்கவில்லை. அன்றைக்கே பேனையால் எழுதிச் சேர்த்தோம்.